மலைநாட்டுக் குழந்தையும் கலைக் கல்வியும்



பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே மாசி மாதத்து இரவுகள் குளிர் மிகுந்தவை. கெசல்கமுவ ஓயாவின் மீது படியும் பனி மெல்ல மெல்ல மேலேறித் தேயிலை மலைகளையும் லயங்களின் தகரக் கூரைகளையும் மூடிவிடும். பகல் முழுவதும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த மக்கள் நேரத்தோடு கதவடைத்துத் துயில வேண்டிய காலம் அது. ஆயினும் அந்த மாதத்திலேதான் தோட்டங்கள் விழித்திருக்கும். ஒரு மலையிலே எழும் தப்போசைக்கு மறு மலையிலிருந்து விடை வரும். தாய்மார் கைக்குழந்தைகளைக் கம்பளியிலே சுற்றி எடுத்துக்கொண்டு காமன் கூத்துக் காண்பதற்காக ஆடுகளத்தை நோக்கி நடப்பர். காமன் எரிவதையும் இரதி புலம்புவதையும் அறியாத குழந்தை அங்கே இல்லை.

அந்தக் குழந்தையே மறுநாட் காலையிலே பாடசாலைக்கு வருகின்றது. புத்தகத்தைத் திறக்கின்றது. முன்னிரவிலே அது கண்டதற்கும், கேட்டதற்கும், தன்னை மறந்து ஆடியதற்கும் பாடசாலையிலே இடம் உண்டா? இவ்வினாவையே இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். இசை, நடனம், நாடகம் ஆகிய கலைகளால் குழந்தைகளை வளர்த்தல் என்பது நகரங்களிலே பலரும் பேசும் விடயமாகிவிட்டது. மலைநாட்டிலே அதனைப் பேசுவோமாயின் இந்த வினாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கலைக் கல்வி குழந்தைக்கு எதற்கு என்று கேட்போர் இன்னும் உளர். அவர்களுக்கு நம் முன்னோரே விடை கூறியிருக்கின்றனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையை நேயர்கள் அறிவீர்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது அது. தாலாட்டைக் கேட்டு நாவசைக்கும் பருவம் தாலப் பருவம். இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம் சப்பாணி. ஒன்பதாம் மாதத்துக்கு உரியது என்பர். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிறுவன் தன் சிறிய பறையை முழக்கும் பருவம் ஒன்று உண்டு; அதற்குச் சிறுபறை என்று பெயர். குழந்தை எழுத்தை அறியுமுன்னே தாளத்தை அறிகின்றது, பேசத் தெரியுமுன்னே பாட்டுக்குச் செவி சாய்க்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்கியவர்களே இவ்வாறு வகுத்திருத்தல் கூடும். ஆதலின், ஐந்து வயதிலே பாடசாலைக்கு வரும் குழந்தை வெறுங்கையோடு வரவில்லை. அது ஏற்கெனவே ஒரு கல்வியைப் பெற்றுக்கொண்டே வருகின்றது.

அக்கல்வியைத் தொடர்வதனால் விளையும் பயன் யாது? பலர் கூடித் தாளம் போடும்போது ஒவ்வொரு பிள்ளையும் மற்றவர்களுடைய ஓசையைக் கேட்டாக வேண்டும். தன் கையை அடக்கினாலன்றிக் கூட்டத்தோடு சேர முடியாது. அடக்கத்தையும் கவனத்தையும் பிரம்பினாலே புகட்ட முயல்கின்ற ஆசிரியர் நூறு நாள் உழைத்துப் பெறாத பயனைத் தாளம் சில நாட்களிலே தந்துவிடும். நடனத்திலே பிள்ளை தன் உடலைத் தானே அறிந்துகொள்கின்றது. இடம், வலம், முன், பின் என்பன அதற்குச் சொற்களாக நில்லாமல் அனுபவமாகின்றன. நாடகத்திலோ பிள்ளை பிறனாகி நிற்கின்றது. அரசனாக, வேடனாக, தாயாக, திருடனாக நின்று பார்த்த பிள்ளை, பிறர் நெஞ்சத்துள்ளும் துன்பமும் அச்சமும் உண்டு என்பதைக் கண்டுகொள்கின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து உணர்ச்சி உடலிலே தோன்றுவதற்கு இலக்கணம் கண்ட மொழி நம்முடையது. அம்மொழியைப் பயிலும் பிள்ளை வாய்பாட்டை மாத்திரம் மனனம் செய்து, வாய் திறந்து அழவும் நகைக்கவும் வியக்கவும் தெரியாது வளருமாயின், அது பாதித் தமிழையே கற்றதாகும்.

இனி, தோட்டப் பாடசாலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலே கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. பெரும்பாலான தோட்டங்களிலே பாடசாலை என்பது ஓர் அறை. எல்லா வகுப்புக்களுக்கும் ஓர் ஆசிரியர். எழுத்தும், வாசிப்பும், சிறு கணக்கும் அங்கே போதுமானவையாகக் கருதப்பட்டன. கொழுந்து பறிக்கப் போகும் கைக்கு வேறு என்ன வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். 1945இலே நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றன. 1977ஆம் ஆண்டுக்குப் பின்னரே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் பாடத்திட்டத்திலே அழகியற் கல்வி 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு முக்கிய இடத்தைப் பெற்றது. மலைநாட்டுப் பிள்ளையை அது சென்றடைய மேலும் பல ஆண்டுகள் சென்றன.

எனினும், பாடசாலை தராத கலையை லயம் தந்துகொண்டே இருந்தது. இசையிலே லயம் என்றால் காலத்தின் ஒழுங்கு. இங்கே லயம் என்றால் வரிசை வீடு. இவ்விரண்டு லயங்களும் ஒன்றாக வாழ்ந்த நிலம் மலைநாடு. கோப்பிக் காலத்திலிருந்து கடல் கடந்து, காடு கடந்து வந்த மக்கள் தங்களோடு பெரும் பொருள் எதனையும் கொண்டு வரவில்லை. தாலாட்டையும், ஒப்பாரியையும், கும்மியையும், காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களையும் நெஞ்சிலே சுமந்து வந்தனர். அவற்றோடு தப்பு வந்தது. விடியற்காலையிலே தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பு. திருவிழாவிலே அம்மன் முன் முழங்கியதும் தப்பு. இறந்தோரை இடுகாடு வரை வழியனுப்பியதும் தப்பே. மலைநாட்டு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக்கியிராவிடில், அச்செல்வத்திற் பெரும்பகுதியை இன்று நாம் ஏட்டிலே காண முடியாது. அவர் ஆசிரியராகவும் இருந்தவர். 1934இலே கவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் எழுதிய இசைநாடக நூலொன்றை அவரிடம் கையளித்தவர். கல்வியும் பாட்டும் நாடகமும் பிரிக்க முடியாதவை என்று சாந்திநிகேதனத்திலே காட்டிய தாகூரை, ஒரு தோட்டத்து இளைஞர் தமது இசைநாடகத்தோடு சென்று கண்டார் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஆசிரியர் தவறு செய்வதுண்டு. என் தவறு ஒன்றை இங்கே கூற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றிலே நான் கணிதம் கற்பித்தேன். நான்காந் தரத்திலே ஒரு சிறுவன். வகுத்தற் கணக்கு அவனுக்கு வராது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று நிலத்தைப் பார்ப்பான். ஆனால் அவன் விரல்கள் மாத்திரம் ஓயாது மேசையிலே தட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் பொறுமையிழந்து, “மேசை என்ன, தப்பா?” என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பிலே என் கேலிக்கு மிஞ்சிய ஏதோ ஒன்று இருந்தது. அது யாது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. சிறுவன் கைகளை மேசையின் கீழே மறைத்துக்கொண்டான். அதன் பின்னர் அவன் தட்டவில்லை. நான் வெற்றி பெற்றதாகவே எண்ணினேன்.

அந்த மாசியிலே காமன் கூத்துக்குச் சென்றேன். இரவு நெடுநேரம் கடந்திருந்தது. இரதியும் மன்மதனும் ஆடிக்கொண்டிருந்தனர். ஆட்டக்காரரின் அடி மாறும் ஒவ்வொரு வேளையிலும் தப்பின் நடையும் மாறியது. யார் அடிக்கின்றனர் என்று எட்டிப் பார்த்தேன். பெரியவர் மூவர், அவர்களருகே, தன் மார்பளவு தப்பைத் தோளிலே மாட்டிக்கொண்டு, என் மாணவன். வலக்கையிலே தடித்த குச்சி. இடக்கையிலே மெல்லிய நீண்ட குச்சி. தந்தையின் முகத்தைப் பார்த்து நடையை மாற்றினான். ஒரு முறையேனும் பிசகவில்லை. ஓர் அடியை இரண்டாக, நான்காக, மூன்றாகப் பகுத்து, பகுத்ததை மீண்டும் ஒன்றாக்கி நிறுத்துகின்றான். வகுத்தல் தெரியாத பிள்ளை என்று எவனை நான் முடிவு செய்தேனோ, அவன் காலத்தையே வகுத்துக்கொண்டிருந்தான்! வகுப்பு ஏன் சிரித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. தப்பு அடிப்பது தோட்டத்திலே ஒரு சாராருக்கே விதிக்கப்பட்ட ஊழியம். என் ஒரு சொல் அச்சிறுவனை அவனுடைய குலத்தின் பெயரைச் சொல்லி அழைத்ததாக ஆகிவிட்டது.

விடிந்த பின்னர் அவன் தந்தையிடம் சென்றேன். பிள்ளையின் திறமையைப் புகழ்ந்து, தப்பைப் பாடசாலைக்குக் கொண்டுவர அனுமதிக்குமாறு வேண்டினேன். அவர் மகிழ்வார் என்று எண்ணினேன். அவரோ நெடுநேரம் பேசாது நின்று, பின்னர் கூறினார்: “வேணாங்க சேர். இந்தத் தப்பு எங்க அப்பனோட வந்துச்சு. என்னோட போகட்டும். அவன் படிக்கட்டுங்க.”

நேயர்களே, கலைக் கல்வியைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளெல்லாம் இந்த ஒரு சொல்லுக்கு விடை கூற வேண்டும். பாரம்பரியத்தைப் பேணுங்கள் என்று மேடையிலிருந்து கூறுவது எளிது. அப்பாரம்பரியத்தின் பெயரால் இழிவு சுமந்தவன், அதனைத் தன் மகன் சுமக்க வேண்டா என்று கருதுவது குற்றமா? குற்றமன்று, அதுவே தந்தையின் அன்பு. ஆயின், அந்த இழிவு தப்பிலே இருக்கின்றதா, அல்லது அதனை ஒரு சாராரின் தோளிலே மாத்திரம் மாட்டிய வழக்கத்திலே இருக்கின்றதா? இதனைப் பிரித்தறிவதே நம் கடமை.

உலக வரலாற்றிலே இதற்குச் சில பாடங்கள் உள. ஹங்கேரி நாட்டிலே சோல்தான் கோடாய் என்னும் இசையறிஞர், பார்த்தோக் என்பவரோடு சேர்ந்து, 1905ஆம் ஆண்டளவிலிருந்து கிராமம் கிராமமாகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டினார். நகரத்தார் இகழ்ந்த அப்பாடல்களே குழந்தையின் இசைத் தாய்மொழி என்றும், இசைக் கல்வி அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1950இலே கெச்கெமேத் நகரிலே நாள்தோறும் பாட்டுப் பயிலும் ஆரம்பப் பாடசாலை ஒன்று அவருடைய முறையைத் தழுவித் தொடங்கியது. பின்னர் உலகின் பல நாடுகள் அம்முறையை நாடிச் சென்றன.

நம் நாட்டிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இத்தகைய பணியையே கூத்துக்குச் செய்தார். படித்தோர் கண்ணெடுத்துப் பாராத மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடச் செய்தார். 1962இலே ‘கர்ணன் போர்’, 1964இலே ‘இராவணேசன்’ முதலியன மேடையேறின. விடிய விடிய ஆடும் கூத்து நவீன மேடைக்கேற்பச் சுருங்கியது; ஆனால் அதன் மதிப்பு வளர்ந்தது. சிறுவர் நாடகத்திலே குழந்தை ம. சண்முகலிங்கமும் பேராசிரியர் சி. மௌனகுருவும் தொடர்ந்து உழைத்து, ‘கூடி விளையாடு பாப்பா’, ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற நாடகங்களைத் தந்தனர். பெரியோர் நாடகத்தைச் சிறியோர் மனனஞ் செய்து ஒப்புவித்தல் சிறுவர் நாடகமாகாது, பிள்ளைகளின் விளையாட்டிலிருந்தே அது பிறக்க வேண்டும் என்பதை இத்தகைய முயற்சிகள் நமக்குக் காட்டின.

ஆயினும் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. தமிழகத்திலே இழிவாகக் கருதப்பட்ட சதிராட்டம் 1930களிலே பரதநாட்டியம் என்னும் பெயரோடு மதிப்புப் பெற்றது. ருக்மிணி தேவி 1936இலே கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். உயர் குடும்பத்துப் பெண்கள் துணிந்து ஆடினர். இன்று உலகெங்கும் தமிழ்க் குழந்தைகள் அதனைப் பயில்கின்றனர். மகிழ வேண்டியதே. ஆனால் தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்துவந்த பெண்களிற் பலர் மேடைக்குப் புறத்தே நின்றுவிட்டனர். கலைக்கு வந்த மதிப்பு கலைஞருக்கு வரவில்லை. தப்பைப் பாடசாலைக்குள் அழைக்கும்போது அந்தத் தந்தையை வாசலிலே நிறுத்திவிடுவோமாயின் நாமும் அப்பிழையையே செய்தவராவோம்.

மற்றொரு பிழையும் நேரக்கூடும். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதிலே பயிற்சி தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாவது வயதிலே அரங்கேறினாள் என்று அறிகின்றோம். அத்துணைச் சிறந்த கல்வி அவளுக்குக் கிடைத்தது. ஆனால் ஆடல் மகளிர் குலத்திலே பிறந்தமையால் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருந்ததா? பழைய உலகிலே கலை பிறப்போடு வந்த கடமை. இக்காலப் பாடசாலையின் பெருமை யாதெனில், பிறப்பால் வந்த கடமையை எல்லாருக்கும் பொதுவான உரிமையாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. என் மாணவன் ஒருவனிடம் மாத்திரம் தப்பைக் கொடுத்து, “நீ அடி, மற்றவர்கள் ஆடட்டும்” என்று நான் கூறியிருந்தால் தோட்டத்து வழக்கத்தையே பாடசாலையிலும் நிலைநாட்டியிருப்பேன். தந்தை அஞ்சியது அதனைத்தான்.

ஆகவே வேறு வழியை மேற்கொண்டோம். முதல் நாள் தப்பே இல்லை. “இன்று எல்லாருடைய மேசையும் தப்பு” என்று வகுப்பிலே கூறினேன். அச்சிறுவனை முன்னே அழைத்து, நான் அவனுடைய இடத்திலே அமர்ந்து, கற்றுத்தருமாறு கேட்டேன். அவன் நெடுநேரம் தயங்கி, பின்னர் ஒரு நடையைத் தட்டிக் காட்டினான். நான் பிழையாகத் தட்டினேன். மீண்டும் காட்டினான், மீண்டும் பிழைத்தேன். வகுப்பு சிரித்தது. இம்முறை சிரிப்பு என்னைப் பற்றியது. சிறுவனும் சேர்ந்து சிரித்தான். பழைய தகரப் பேணிகளும் பிஸ்கட் தகரங்களும் சேர்ந்தன. சில மாதங்களுக்குப் பின்னரே மெய்யான தப்புக்கள் மூன்று வந்தன. முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் அவற்றைத் தோளிலே மாட்டியது. ஆண், பெண் என்ற வேறுபாடும் வைக்கவில்லை. கூத்துக்களத்திலே இரதியாக ஆடுவதும் ஆணே; பெண்கள் பார்த்திருப்பதே நெடுங்கால வழக்கம். பாடசாலைக் களத்திலே அவ்வழக்கத்துக்கு இடமில்லை. தமிழகத்துத் திண்டுக்கல்லிலே சக்தி கலைக்குழு என்னும் குழுவிலே ஒடுக்கப்பட்ட சமூகத்து இளம்பெண்கள் பறை பயின்று மேடையேறி நிமிர்ந்து நிற்கின்றனர். நம் சிறுமியர் மாத்திரம் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “எங்கள் பிள்ளை ஏன் தப்படிக்க வேண்டும்?” என்று வந்து கேட்ட பெற்றோர் உண்டு. அவர்களோடு பேசினோம். சிலர் இணங்கினர். ஒரு சிறுமியின் தந்தை இறுதிவரை இணங்கவில்லை. அப்பிள்ளை பாட்டிலே சேர்ந்தது, தப்பைத் தொடவில்லை. கலை எல்லாவற்றையும் ஒரே நாளிலே மாற்றிவிடும் என்று நான் கூறமாட்டேன்.

நாடகமும் அங்கிருந்தே பிறந்தது. எழுதிய வசனம் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தை நடித்துக் காட்டுங்கள் என்றேன், அவ்வளவே. ஒருவர் கணக்கப்பிள்ளை, ஒருவர் கங்காணி, மற்றையோர் கூடை சுமந்த பெண்கள். வகுப்பிலே வாய் திறவாத சிறுமி ஒருத்தி கணக்கப்பிள்ளையானாள். தராசைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையைக் கழித்து அவள் உரத்துக் கூறியபோது, எங்கிருந்து அக்குரல் வந்தது என்று வியந்தோம். கழித்தது சரியா என்று மற்றப் பிள்ளைகள் வழக்கிட்டனர். அங்கே கணிதமும் இருந்தது, நீதியும் இருந்தது, தங்கள் தாய்மாரின் பகற்பொழுது எத்தகையது என்ற அறிவும் இருந்தது. அவர்கள் பேசியது லயத்துத் தமிழ். அதனைத் திருத்த நான் முற்படவில்லை. கட்டுரையிலே செந்தமிழ் எழுதட்டும். தாயைப் போல் நடிக்கும்போது தாயின் மொழியிலேயே பேசட்டும். தன் வீட்டு மொழிக்கு வெட்கப்படாத பிள்ளையே பிற மொழிகளை அச்சமின்றிக் கற்கும்.

அச்சிறுவன் கணிதத்திலே முதல்வனாகிவிட்டான் என்று நேயர்கள் எதிர்பார்க்க வேண்டா. அவ்வாறு நிகழவில்லை. ஆனால் விளங்காதபோது கையை உயர்த்தி, “விளங்கவில்லை, சேர்” என்று சொல்லத் தொடங்கினான். நிலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஆசிரியத் தொழிலிலே இதனினும் பெரிய பரிசு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் செய்ய நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வாசலிலே நிற்கின்றது. பெற்றோரும் அதனையே கேட்கின்றனர். உண்மையே. ஆனால் நாளொன்றுக்கு அரை மணி நேரம் தாளத்துக்கும் பாட்டுக்கும் ஒதுக்கினால் எஞ்சிய நேரம் இருமடங்கு பயன் தரும் என்பது என் அனுபவம். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாத் தோட்டப் பாடசாலைகளிலும் இல்லை என்பதும் உண்மையே. அவர்கள் வர வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றிலே பயிலும் நம் இளைஞர், தங்கள் தோட்டத்துக் கலைகளையும் பாடமுறையோடு இணைத்துக் கற்க வேண்டும். அதுவரையிலே, கூத்துப் பழக்கும் முதியோர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றனர். அவர்களை மாதம் ஒருமுறையேனும் மரியாதையோடு அழைத்து, ஆசிரியருக்குரிய நாற்காலியிலே அமர்த்த வேண்டும். பிள்ளைக் காம்பிராவிலே குழந்தைகளைப் பராமரிக்கும் பெண்களுக்குத் தெரிந்த தாலாட்டுக்களையும் விளையாட்டுப் பாட்டுக்களையும் பிள்ளைகளே எழுதித் திரட்டலாம். அது மொழிப்பாடமும் ஆகும்.

கருநாடக இசையும் பரதமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டா என்று நான் கூறியதாக எவரும் கொள்ள வேண்டா. அவையும் அவர்களுடைய உரிமையே. தப்பிலே தாளம் பழகிய கை மிருதங்கத்தையும் தொட வேண்டும். கும்மியிலே பழகிய கால் பரதத்து அடவையும் அறிய வேண்டும். ஆனால் தன் வீட்டுக் கலையை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் உயர்ந்த கலை கிடைக்கும் என்ற நிபந்தனை கூடாது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கென்று நான்கு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, எஞ்சிய நாற்பது பிள்ளைகளைக் கைதட்ட வைப்பது கலைக் கல்வியாகாது. பரிசு பெறுவோரைத் தேடுவது போட்டி. எவரையும் விட்டுவிடாதிருப்பது கல்வி.

இறுதியாக ஒன்று. அவ்வாண்டிறுதியிலே பெற்றோர் முன்னிலையிலே பிள்ளைகள் தங்கள் நாடகத்தை நடித்தனர். அன்று மாலை மலையிலே மழைமூட்டம். ஈரக் காற்றிலே தப்புக்களின் தோல் தளர்ந்து ஓசை மழுங்கிவிட்டது. என்ன செய்வதென்று நாங்கள் திகைத்து நின்றபோது, அந்தத் தந்தை வந்தார். அழைத்தும் வருவாரோ என்று நான் ஐயுற்றவர். கையிலே ஒரு கட்டுச் சுள்ளியும் வைக்கோலும். எவரிடமும் எதுவும் கேளாமல் பாடசாலை முற்றத்திலே தீ மூட்டி, மூன்று தப்புக்களையும் ஒவ்வொன்றாகக் காய்ச்சினார். விரலாலே தட்டிப் பார்த்து, ஓசை ஏறியதும், முதலாவதைத் தம் மகனிடம் கொடுக்கவில்லை. அருகே நின்ற சிறுமியிடம் கொடுத்து, “குச்சிய இறுக்கிப் புடிக்காத, ஆயி” என்றார்.

அவர் பின்னர் எதுவும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது தப்பைக் காய்ச்சுவதற்காக மீண்டும் தீயின் முன் குனிந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று கற்றுக்கொண்டிருந்தனர்.